எதற்கும் ‘ஆச்சு’ என்ற தவின்

தவின் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது கோயில் ஒலிபெருக்கியில். திருவிழாவுக்கு முந்தின நாள். என் கடைசிப் பெண் அப்போது வயிற்றில். கோயில் சமையல் கொட்டகையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கி கரகரவென்று இருமிவிட்டுப் பேசியது.

“தவின்! பிரனோம் மகன் தவின்! பனைமர உச்சியில உக்காந்துக்கிட்டு ‘இறங்கியாச்சு, இறங்கியாச்சு’ன்னு கத்தாதே. இறங்கினப்புறம் சொன்னாப் போதும். பெரிய பிக்கு அண்ணாந்து பாத்து அவருக்குக் கழுத்து வலி வந்திருச்சு.”

பெண்கள் எல்லோரும் கத்தியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினோம். மரத்து உச்சியில் ஓர் இளவட்டம், இடுப்பில் கலர் பல்புச் சரத்தைச் சுற்றிக்கொண்டு, பெற்ற தாயைப் போல மரத்தைக் கட்டிப்பிடித்திருந்தான். பல்பு கட்ட மேலே ஏறத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள். முடியும் என்றானாம். ஏறியும்விட்டான். இறங்குவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவனும் யோசிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து யாரோ சுவிட்சைப் போட, மரத்தோடு சேர்ந்து அவனும் சிவப்பும் பச்சையுமாக மினுங்கினான். மினுங்கிக்கொண்டே, “இறங்கியாச்சு!” என்றான்.

என் பக்கத்தில் நின்ற லமூன் சிரித்த சிரிப்பில் வெங்காயக் கூடை கவிழ்ந்து, வெங்காயம் கோயில் குளம் வரைக்கும் உருண்டது.

லமூனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். என் பெரியம்மாவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் சங்வான், இளையவள் லமூன். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சங்வான் சிரித்து நான் பார்த்ததே இல்லை. லமூனுக்கோ சிரிப்பு வந்தால் கையும் காலும் விட்டுப்போகும். கையில் எது இருந்தாலும் கீழே விழும். குழம்புச் சட்டி விழுந்திருக்கிறது, சைக்கிள் விழுந்திருக்கிறது, என் இரண்டாவது பிள்ளை விழுந்திருக்கிறான். அவளிடம் வேடிக்கை பேசப் போகிறவர்கள் முதலில் அவள் கையைப் பார்த்துக்கொள்வார்கள்.

தவினின் அம்மா பிரனோமும் எனக்குச் சொந்தம்தான். என் அப்பாவின் தம்பி முதலில் கட்டியவளுக்கு அவள் தங்கை. அந்தச் சித்தி படகுக்காரனோடு போய்விட்டதால் உறவு அறுந்துவிட்டது என்று சித்தப்பா சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் அறுத்தார். நான் அறுக்கவில்லை.

பெட்சபுரியில், எங்கள் பான் லாட் பக்கத்தில், எல்லோருமே கொஞ்சம் முந்திச் சொல்கிறவர்கள்தான். அரிசி களையும்போதே ‘சோறு ஆச்சு, வா’ என்போம். குளித்துக்கொண்டே ‘கிளம்பியாச்சு’ என்போம். அதைப் பொய் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. கூப்பிட்ட குரலை வைத்தே அரிசி எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதற்குத் தகுந்த மாதிரி மெதுவாக நடந்து வருவார்கள். தவின் எங்கள் எல்லோரையும் தாண்டினான். தண்ணீர் இறைக்கும் மோட்டாரை அவனிடம் கொடுத்தால், அக்கக்காகக் கழற்றிப் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு, நடுவில் உட்கார்ந்து ‘ஆச்சு’ என்பான். நாய்க்கு ஊசி போட முடியுமா? முடியும். பெரியவர்களுக்கு முடி வெட்ட முடியுமா? முடியும். தொங்யூ மாமா நம்பித் தலையைக் கொடுத்தார். இவர் யாரென்றால், எங்கள் ஊரில் கல்யாணத்துக்கும் வீடு புகுவதற்கும் நல்ல நேரம் பார்த்துச் சொல்கிறவர், ஒரு காலத்தில் பிக்குவாக இருந்தவர். வலது பக்கத்தை வெட்டிவிட்டு, ‘ஆச்சு மாமா’ என்று தவின் சாப்பிடப் போய்விட்டான். மாமா அவன் சொல்லை நம்பி நேராக ஒரு சாவு வீட்டுக்குப் போனார். அங்கே அழுதுகொண்டிருந்தவர்கள் அவரைப் பார்த்து அழுகையை எங்கே விட்டோம் என்று தெரியாமல் திண்டாடினார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவன் செய்யாமல் விட்ட வேலை என்று எதுவும் கிடையாது. மோட்டார் ஓடும். நாய் பிழைக்கும். மாமாவின் இடது பக்கத்தையும் மறுநாள் வந்து வெட்டினான். சொன்னதற்கும் நடந்ததற்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருக்கும், அவ்வளவுதான். அதனால் யாராலும் அவனை முழுதாகத் திட்ட முடிந்ததில்லை.

சங்வானால் முடிந்தது.

சங்வான் பான் லாட் சந்தையில் மோ கேங் போடுகிறவள். வாத்து முட்டையையும் தேங்காய்ப் பாலையும் பனை வெல்லத்தையும் கையால் பிசைந்து, துணியில் வடிகட்டி, தட்டில் ஊற்றி, அடியிலும் நெருப்பு, மேலே மூடித் தகட்டிலும் நெருப்பு வைத்து வேகவைக்கும் பலகாரம். முந்தி எடுத்தால் நடுவில் தளதளவென்று ஆடும். பிந்தினால் கரியும். சங்வான் ‘ஆச்சு’ என்றால் அது ஆனதுதான், கத்தியைப் போட்டுத் துண்டு எடுக்கலாம். அவளுக்கு ஒரே மகள், பைலின். சித்தி லமூனைப் போலவே சிரிப்பாள், ஆனால் கையில் இருப்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். பனைமரத்தில் பச்சையாக மினுங்கினவனைப் பார்த்த அன்றைக்கே அவளுக்கு மனது போய்விட்டது.

சங்வான் முட்டை வாங்கப் போன நேரம் பார்த்து ஒருநாள் தவின் கடைக்கு வந்தான்.

“பைலின், என்னைக் கட்டிக்க முடியுமா?”

“எங்கம்மா சரின்னா முடியும்.”

“முடியும்ல?”

“எங்கம்மா சரின்னு சொன்னா...”

“முடியும்னுட்டே. அப்ப ஆச்சு!” என்று சைக்கிளில் ஏறிப் பறந்தான். வாங்க வந்த பலகாரத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

“சித்தி, எங்கம்மா பேரச் சொன்ன பாதி அவன் காதுக்குள்ள போகவே இல்ல” என்று பைலின் பிறகு என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்போது அவளுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. அவன் எங்கே பறந்தான் என்று அவளுக்குத் தெரியாது.

ஆற்றங்கரைத் தாத்தாவின் சன்னதிக்குப் பறந்திருக்கிறான். ஊரைக் காக்கிற தாத்தா அவர். நாங்கள் எது வேண்டுமானாலும் அவரிடம்தான் கேட்போம். கிடைத்தால் ஆட்டம் வைக்கிறேன் என்று வேண்டிக்கொள்வோம். கிடைத்த பிறகு நாடகக்காரர்களைக் கூப்பிட்டுச் சன்னதி முன்னால் ஆட வைப்போம். கிடைத்த பிறகுதான். அதனால் ஆற்றங்கரையில் மேளம் கேட்டால், ‘யாருக்கு என்ன கிடைச்சுது?’ என்றுதான் ஊர் கேட்கும். பைலின் கிடைத்தால் நானே கிரீடம் வைத்து ஆடுகிறேன் என்று தவின் பல மாதங்களுக்கு முன்பே வேண்டியிருந்தான். இப்போது அவன் கணக்கில் கிடைத்தாகிவிட்டது.

நாடகக்காரர்களிடம் ராணி வேஷத்தை இரவல் கேட்டான். மேளக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஆடத் தெரியுமா தம்பி?”

“முடியும்.”

“முடியுமான்னு நான் கேக்கல. தெரியுமான்னு கேட்டேன்.”

“ஆச்சு, நீங்க அடிங்க.”

அவித்த முட்டையைக் கோபுரமாக அடுக்கி, சிவப்பு சோடா பாட்டில்களில் உறிஞ்சுகுழல் போட்டு வைத்து, ராணியாக வந்து ஆடினான். சேற்றில் நடக்கிற வாத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த வாத்துக்குப் பட்டுச் சேலை கட்டிக் கிரீடமும் வைத்தால் எப்படியோ அப்படி. கரையில் துணி துவைத்தவர்கள் துணியை ஆற்றோடு விட்டார்கள். தாத்தாவுக்கே சிரிப்பு வந்திருக்கும், அவர் கல்லாக இருந்ததால் தப்பித்தார்.

ஆடி முடித்துவிட்டுக் கிரீடத்தைக் கழற்றப் பார்த்தால், வரவில்லை. அது ஒரு சின்னப் பெண்ணின் தலைக்குச் செய்தது. மேளக்காரர் இழுத்தார், இரண்டு பேர் இவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இழுத்தார்கள். கிரீடம் அசையவில்லை. வீட்டில் போய்க் கழற்றிக்கொள்ளலாம் என்று அப்படியே சைக்கிளில் ஏறிச் சந்தை வழியாக வந்தான். தாழ்ந்த கூரை வந்த இடமெல்லாம் தலையைக் குனிந்தான். நிமிர்ந்த இடமெல்லாம் ஒரு கேள்வி.

“யாருக்கு என்னடா கிடைச்சுது?”

“எனக்குப் பைலின் கிடைச்சாச்சு!”

சங்வானும் லமூனும் ஆளுக்கொரு கூடை வாத்து முட்டையோடு எதிரே வந்துகொண்டிருந்தார்கள். தேங்காய்க்காரி வழியை மறித்தாள்.

“சங்வான் அக்கா, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே! மாப்பிள்ள வேண்டுதலே முடிச்சாச்சாம்.”

“எந்த மாப்பிள்ள?”

“அதோ, கிரீடத்தோட வர்றாரே.”

லமூன் பார்த்தாள். ஒரு கூடை முட்டை போயிற்று. சங்வான் கையிலிருந்த கூடை இம்மிகூட அசையவில்லை. அவள் நடுத்தெருவில் நின்றாள். சைக்கிளும் நின்றது.

“யாருடா உனக்கு எம்பொண்ணக் குடுத்தது?”

“பைலினே சொன்னா அத்தை.”

“நான் குடுத்தேனா?”

“நீங்க... குடுத்த மாதிரிதான் அத்தை.”

“மொதல்ல அந்தக் கிரீடத்தக் கழட்டிட்டுப் பேசு.”

தவின் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். முகம் சிவந்தது. கண் பிதுங்கியது.

“முடியல அத்தை.”

அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை ஊர் கேட்டது அன்றைக்குத்தான். சந்தையில் எழுந்த சிரிப்பில் கோழிகளெல்லாம் கூரை மேல் ஏறின. நானும் பிரனோமும் தேங்காயெண்ணெய் ஊற்றித் திருகித் திருகி எடுத்ததில் கிரீடத்தோடு கொஞ்சம் முடியும் வந்தது.

சங்வான் தர முடியாது என்றுவிட்டாள். சொன்ன சொல் மாறாதவள். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. ஆனால் மறுநாள் தொங்யூ மாமா மெதுவாகக் கனைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். நாலைந்து பேர் கூடவே வந்தார்கள். நானும் போனேன்.

“சங்வான், ஒரு சிக்கல். தாத்தா முட்டைய வாங்கிட்டாரு. சோடாவக் குடிச்சாரு. ஆட்டமும் பாத்தாச்சு. இப்ப நீ பொண்ணக் குடுக்கலன்னா, தாத்தா கூலிய வாங்கிட்டு வேலையச் செய்யலன்னு ஆயிரும்.”

“அதுக்கு நான் என்ன செய்யறது?”

“நாம தாத்தாவுக்குக் கடன் வச்சது உண்டு. தாத்தா நமக்குக் கடன் வச்சதா இந்த ஊர்ல கேள்விப்பட்டிருக்கியா?”

யாரும் கேள்விப்பட்டதில்லை. கூட வந்தவர்கள் ஆற்றுப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்கள்.

“முட்டையத் திருப்பிக் குடுத்திரச் சொல்லுங்க” என்றாள் சங்வான்.

“அத நாங்க சாப்ட்டாச்சேம்மா.”

“அப்ப ஆட்டத்த?”

“ஆட்டத்த எப்படித் திருப்பறது?”

“பின்பக்கமா ஆடச் சொல்லுங்க” என்றாள் லமூன். “கடைசிலேருந்து ஆரம்பிச்சு...” அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. நல்லவேளை, கையில் ஒரு துடைப்பம்தான் இருந்தது.

சங்வான் செவ்வாய்க்கிழமைதோறும் தாத்தாவைக் கும்பிட்டுவிட்டுத்தான் நெருப்பு மூட்டுகிறவள். அவரைச் சந்தைப் பேச்சுக்கு ஆளாக்க அவளுக்கு மனம் வராது. சன்னதிக்குப் போய் வெகுநேரம் நின்றாள். திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தவின் மேல் பாவமாக இருந்தது. சங்வான் ஜெயிக்கிற ஆட்டத்தைத் தவிர வேறு ஆட மாட்டாள்.

“தெரியும்கறது ஒண்ணு, முடியும்கறது ஒண்ணு, தாங்கும்கறது ஒண்ணு” என்றாள். “இவன் மூணுக்கும் ஒரே வாயால ‘முடியும்’ங்கறான். அதாவது போகட்டும். ஆகறதுக்கு முன்னாடி ‘ஆச்சு’ங்கறானே, அத என்னால பொறுக்க முடியாது. அவன் ஊர்வலத்தோட வரட்டும். நான் தடுக்கல. ஆனா மாப்பிள்ளைய வழியில மறிக்கற மூணு கதவுல, கடைசிக் கதவ நானே பிடிப்பேன். கதவுக்கு முன்னாடி ஒரு தட்டு மோ கேங் அடுப்புல இருக்கும். அவன் அதுக்கு எதிர்ல உக்காரணும். வெந்தப்புறம் ஒரே ஒரு தடவ ‘ஆச்சு’ன்னு சொல்லணும். சொன்னா, கதவத் தொறக்கறேன். வேகறதுக்கு முன்னாடி சொன்னான்னா, கொண்டு வந்த கரும்போட திரும்பிப் போகணும். எம்பொண்ணப் பத்திப் பேச்சே கூடாது. தாத்தாகிட்ட நானே போய் ஆடி மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

“நீயா? ஆடுவியா?” என்றார் மாமா.

“முடியும்” என்றாள் சங்வான். சொன்ன பிறகு அவளுக்கே உதட்டைக் கடிக்க வேண்டியிருந்தது.

தவினிடம் சொன்னபோது உடனே, “முடியும்!” என்றான். பைலின் என்னிடம் ஓடி வந்தாள். இப்போது சிரிக்கவில்லை.

“சித்தி, அவனால சொல்லாம இருக்க முடியாது சித்தி. அவன் வேணும்னு சொல்றதில்ல. தும்மல் மாதிரி அதுவா வந்துரும். அம்மாவுக்கு அது நல்லாத் தெரியும். அவ்வளவு சனத்துக்கு முன்னாடி திரும்பிப் போனான்னா, மறுபடி எங்க வீட்டுப் பக்கம் எந்த மூஞ்சியோட வருவான்?”

நான் பிரனோமிடம் போனேன். பிரனோம் யோசித்து, “வாய் நெறைய ஒட்டுச்சோத்த வச்சு அடைச்சிருவோம்” என்றாள். அதைவிட நல்ல யோசனை எங்களுக்குத் தோன்றவில்லை.

ஊர்வலத்தன்றைக்கு வெயில் ஏறுவதற்குள் ஆற்றங்கரையே ஆட்டம் போட்டது. முன்னால் நீள மத்தளம், பின்னால் வேரோடு பிடுங்கின கரும்பும் வாழையும், அதற்குப் பின்னால் பாக்குத் தட்டும் பலகாரத் தட்டும், நடுவில் மஞ்சள் பட்டைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு தவின். “ஹோ... ஹோ... ஹோ...” என்று ஒரு கிழவர் இழுக்க, “ஹியூ!” என்று ஊரே முடித்தது. ஆடாதவர்கள் யாரும் இல்லை. தொங்யூ மாமா மணிக்கட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, நேரத்தைப் பார்த்தபடியே ஆடினார்.

முதல் கதவைச் சந்தைப் பெண்கள் ஒரு துணியை நீட்டிப் பிடித்து மறித்தார்கள்.

“பாத்திரம் கழுவத் தெரியுமா?”

“முடியும்!”

“பொண்டாட்டி திட்டினா தாங்குமா?”

“தாங்கும்!”

“மாமியா திட்டினா?”

மத்தளம் நின்றது. தவின் கடைசிக் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

“தாங்கும்... தாங்கும்னுதான் நெனக்கறேன்.”

மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த பணக் கவரை வாங்கிக்கொண்டு துணியை விட்டார்கள். இரண்டாவது கதவு வெள்ளி ஒட்டியாணம். அங்கே ஒரு பாட்டுப் பாடு என்றார்கள். பாடினான். இரண்டு வரி முடிவதற்குள், “போதும் போதும், போயிரு சாமி!” என்று ஒட்டியாணத்தை அவர்களே தூக்கிவிட்டார்கள்.

மூன்றாவது கதவு தங்கச் சங்கிலி. ஒரு முனை சங்வான் கையில். மறுமுனையை வீட்டுப் பெண் யாராவது பிடித்தாக வேண்டும். லமூனைத் தவிர வேறு ஆள் இல்லை.

“சிரிச்சே, கொன்னுருவேன்” என்று சங்வான் சொல்லி வைத்திருந்தாள். லமூன் கன்னத்தை உள்ளிருந்து கடித்துக்கொண்டு, தவினைப் பார்க்காமல் ஒரு தென்னை மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா, வந்துட்டேன்” என்றான் தவின். எங்கள் பக்கம் மருமகன் மாமியாரை ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவான்.

“யாருக்குடா அம்மா? கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கற வரைக்கும் அத்தைதான். உக்காரு.”

சங்கிலிக்கு முன்னால் அடுப்பு. அடுப்பில் தட்டு. மேலே மூடித் தகட்டில் நெருப்புத் துண்டுகள். தவின் பட்டோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். பிரனோம் அவன் வாயில் ஒரு பெரிய உருண்டை ஒட்டுச்சோற்றை வைத்து அமுக்கினாள். சங்வான் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். சோறு கரையும், மோ கேங் அவ்வளவு சீக்கிரம் வேகாது என்று அவளுக்குத் தெரியும்.

மத்தளக்காரர்கள் நின்ற இடத்திலேயே ஆடினார்கள். கரும்பு பிடித்தவர்கள் கரும்போடு ஆடினார்கள். வெயில் ஏறியது. ஒட்டுச்சோறு கரைந்தது. முட்டையும் வெல்லமும் சேர்ந்த வாசனை கிளம்பியது. தாகம் எடுத்தவர்கள் கூவ ஆரம்பித்தார்கள்.

“தவின், சொல்லிருடா! வாசன வந்திருச்சு!”

“எங்க கால் கழண்டு போச்சு, சொல்லித் தொலைடா!”

தவின் மூடியின் ஓரத்தைக் குச்சியால் தூக்கிப் பார்த்தான். அவன் வாய் திறந்தது. “ஆ...” என்றது. சங்வானின் கண் பளிச்சென்றது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த பைலின் முகத்தை மூடிக்கொண்டாள். பிரனோம் பாய்ந்து இன்னொரு உருண்டையைத் திணித்தாள். அவன் மென்றான். நெற்றியில் வேர்வை கொட்டியது. பனைமரத்தில்கூட அவன் அப்படி நடுங்கவில்லை.

இப்போது நடுங்கியது தொங்யூ மாமா. “சங்வான், நல்ல நேரம் போகுது. இத விட்டா நோன்புக் காலம் வந்துரும். அப்புறம் மழை முடியற வரைக்கும் கல்யாணமே கெடையாது.”

“கொஞ்சம் பொறுங்க.”

வீட்டுக்குள்ளே பிக்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உச்சிப் பொழுதுக்குள் அவர்கள் சாப்பிட்டாக வேண்டும். பெரிய பிக்கு ஒரு தடவை இருமினார். சற்று நேரம் கழித்து இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாக.

“சங்வான், நேரம்!”

“பொறுங்கன்னேன்ல!”

“பிக்குமார் பசியோட இருக்காங்க. நேரம் இதோ கைய விட்டுப் போகுது, சங்வான்!”

மாமா ஒரு பக்கம், இருமல் ஒரு பக்கம், மத்தளம் ஒரு பக்கம். சங்வானின் கையில் சங்கிலி ஆடத் தொடங்கியது. முட்டைக் கூடையை ஆடாமல் பிடித்த கை அது.

“சரி, ஆச்சு!” என்று கத்தினாள். “ஆச்சு, ஆச்சு, உள்ள வாடா!”

தவின் எழுந்திருந்தால் போதும். அவனோ எழுந்திருக்கவில்லை. மூடியைத் தூக்கினான். குச்சியை நடுவில் விட்டுப் பார்த்தான். வாயில் இருந்த சோற்றைக் கஷ்டப்பட்டு விழுங்கினான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

“இல்ல அத்தை. இன்னும் ஆகல. நடுவுல ஆடுது.”

தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த லமூனின் தோள் குலுங்கியது. ‘க்கும்’ என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். முழங்கால் மடங்கிற்று, கை விரிந்தது, தங்கச் சங்கிலி சரசரவென்று மண்ணில் விழுந்தது.

“கதவு தொறந்தாச்சு!” என்று மத்தளக்காரர்கள் கூவிக்கொண்டு பாய்ந்தார்கள்.

நான் சங்வானைப் பார்த்தேன். அவள் தரையில் கிடந்த சங்கிலியைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், தவினைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தின விரல்களுக்கு நடுவிலிருந்து வந்தது. சங்வானின் சிரிப்பு! ‘ம்மே’ என்று, கன்றுக்குட்டி மாதிரி. இத்தனை வருஷம் அவள் ஏன் சிரிக்காமல் இருந்தாள் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஊர் இன்னும் சிரித்தது. கரும்பு விழுந்தது, வாழை விழுந்தது, பாக்குத் தட்டை நான்தான் ஓடிப் பிடித்தேன்.

“வாங்க அத்தை, நீங்க முன்னால போங்க” என்றான் தவின். “இது வேகட்டும், நான் வர்றேன்.”

“என்னடா அத்தை? அம்மான்னு கூப்பிடு! எந்திரி, நேரம் போகுது!”

“இன்னும் ஆகலியேம்மா!”

அவன் அடுப்பை விட்டு வர மாட்டேன் என்றுவிட்டான். கடைசியில் இரண்டு பேர் அவனைத் தூக்க, இரண்டு பேர் அடுப்பைத் தூக்க, மாமா “நேரம், நேரம்!” என்று பின்னாலிருந்து தள்ள, மாப்பிள்ளையும் மோ கேங்கும் ஒன்றாக வீட்டுக்குள் போனார்கள். பைலின் பக்கத்தில் உட்கார வைத்து இருவர் தலையிலும் நூல் வளையத்தை மாட்டினோம். கூப்பின கைகளில் பெரியவர்கள் சங்கால் தண்ணீர் ஊற்றினார்கள். பிக்குகள் ஓதத் தொடங்கினார்கள். தவினின் கண் மட்டும் மூலையில் இருந்த அடுப்பிலேயே இருந்தது. பைலின் அவனை முழங்கையால் இடித்தாள். அவன் திரும்பவில்லை.

ஓதல் பாதியில் இருக்கும்போது, சன்னமாக, யாரையும் பார்க்காமல் சொன்னான்.

“ஆச்சு.”

ஓதல் நின்றது. சங்வான் எழுந்து போய் மூடியை எடுத்தாள். மேலே பொன்னாகச் சிவந்திருந்தது. கத்தியை நடுவில் விட்டு எடுத்தாள். கத்தியில் ஒன்றும் ஒட்டவில்லை. கத்தியை எங்கள் எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள். வாயைத் திறந்தால் அந்தக் கன்றுக்குட்டிச் சத்தம் வந்துவிடும் என்று பயந்து மறு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஓதும்போது முகத்தை மறைத்துப் பிடிக்கிற பெரிய பிக்குவின் விசிறி ஆடிற்று. விசிறிக்குப் பின்னால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று நாங்கள் பார்க்கவில்லை. “ஆச்சுன்னா ஆச்சு” என்றார் அதற்குப் பின்னாலிருந்தே. “ஓதி முடிக்கறோம். அதுக்குள்ள ஆறட்டும்.”

எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். தவின் அன்றைக்கு வந்தவன் வந்தவன்தான். மற்ற எல்லாவற்றுக்கும் பழையபடி முந்திக்கொண்டுதான் ‘ஆச்சு’ என்றான். மோட்டார்கள் பழையபடி பாயில் பரந்து கிடந்தன. தட்டுக்கு மட்டும் முந்தியதே இல்லை. சங்வான் தன் கடைசிக் காலத்தில் கண் மங்கிப்போன பிறகு, “ஆச்சாடா?” என்று அவனைத்தான் கேட்பாள். அவன் ‘இன்னும் ஆகலம்மா’ என்றால் மறுபேச்சில்லை. லமூனுக்கு வயதாகிவிட்டது, சிரிப்பு குறையவில்லை. அவளுக்குத் தகரக் குவளையில்தான் காப்பி கொடுக்கிறார்கள்.

தவின் இப்போது பான் லாட் சந்தைக்குப் பின்னால், மாமியார் வீட்டில், பைலினோடு இருக்கிறான். விடிந்ததும் தட்டுகளுக்கு நெருப்புப் போடுகிறவன் அவன்தான்.